ஆவி பேசிய பாஷை

“இது ஒங்கப்பா பேச்சு இல்லேடி. செத்தவன் எவனோ உள்ள புகுந்து பேசுறான்” என்றாள் முத்தம்மா.

ஈப்போ ஆஸ்பத்திரிக் கட்டிலில் சன்னாசி வாய் கோணிக் கிடந்தார். ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டில் மயங்கி விழுந்தவர், கண் விழித்ததிலிருந்து புரியாத எதையோ பேசினார். சொல் தமிழ் மாதிரி தொடங்கி வேறு எப்படியோ முடிந்தது.

இப்போதும் ஏதோ முனகினார். முத்தம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். “பூசாரியக் கூட்டியாந்து மந்திரிக்கணும்லா.”

மகள் நவமணிக்கு அழுகை முட்டியது. டாக்டரிடம் ஓடினாள்.

“ஆவி இல்லேம்மா, அது தெலுங்கு. தமிழுக்கு சொந்தக்கார பாஷைதான், முடிக்கிற விதம் வேற. மூளையில அடி பட்டதுல தமிழ் போயி, சின்ன வயசுல பேசுனது மட்டும் தங்கியிருக்கு. அதுல யாராவது பதில் பேசிக்கிட்டே இருந்தா தமிழும் திரும்பலாம். இல்லேன்னா இருக்கிற பேச்சும் போயிரலாம்.”

“எங்க வீட்ல யாருக்கும் தெலுங்கு தெரியாதே டாக்டர்!”

கேட்டுப் பார்க்கச் சொந்தபந்தமும் கிடையாது. எல்லாரும் செத்துட்டாங்க என்றுதான் அம்மா சொல்லியிருக்கிறாள்.

“பாகான் டத்தோ தோட்டத்துல தெலுங்குக்காரங்க இருக்காங்களாம். யாரையாச்சும் கூட்டிட்டு வாயேம்மா” என்றார் டாக்டர்.

“அங்க மட்டும் போகாதடி!” பின்னாலேயே வந்திருந்த முத்தம்மா மகளின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

அப்பா ஊமையாகப் போகிறார், அம்மாவுக்குப் பூசாரிதான் முக்கியமா? நவமணி கோபத்தோடு கையை உதறிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் அவளோடு ராமையா என்ற பெரியவர் வந்தார். அவரைக் கண்டதும் முத்தம்மா முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சன்னாசி முனகினார். பெரியவர் வாய் திறப்பதற்குள் முத்தம்மாவின் கை தானாக ஜன்னலைச் சாத்தியது.

“அப்பா என்னா சொல்றாரு ஐயா?”

“வெயில் கண்ணுல அடிக்குதாம். ஜன்னலச் சாத்தச் சொல்றாரு.” ராமையாவின் பார்வை முத்தம்மாவை விட்டு அகலவில்லை.

“தினமும் வந்து அப்பாகிட்ட பேசுங்க ஐயா” என்று நவமணி கைகூப்பினாள்.

ராமையா தளர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஓடிப்போன இவங்க ரெண்டு பேரையும் நாங்க பாராங்கத்தியோட தேடுன காலமெல்லாம் போச்சும்மா. நான் எதுக்கு?”

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதான் என் தங்கச்சி இருக்காளே.”