சமையல்கட்டுக்குப் போனவள்

விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

மூடிய கையில் வளையல் ஏறாது.

"கையைத் தளர விடும்மா," என்றாள் நாத்தனார் மங்கை. ஒரு கையில் கண்ணாடி வளையல், இன்னொரு கையில் இவளுடைய மணிக்கட்டு. வளைகாப்புக்கு வந்த கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

மங்கை கெட்டவள் அல்ல. "பிள்ளை பெத்தவங்க முதல்ல வாங்க" என்று அவள் கூப்பிட்டதிலும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அது வழக்கம்.

ஆனால் அந்தக் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும்.

அங்கே ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தமும் இல்லை, அக்கம்பக்கமும் இல்லை. ஆளுக்கொரு ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். இவளே இன்று காலையில்தான் அவர்கள் முகங்களைப் பார்த்தாள்.

வயிற்றில் தங்காமல் போன இரண்டு பிள்ளைகளையும் அவர்களுக்குத் தெரியும். சொந்தக்காரர்களுக்கு ஒன்றுதான் தெரியும்.

எல்லாம் இவள் இணையத்தில் எழுதிவந்த வலைப்பூவால் வந்த பழக்கம். புனைபெயரில் எழுதினாள். மாத்திரை, ஊசி, ஸ்கேன், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அழாமல் இருக்கும் வித்தை. வெகுநாள் வரை ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஒருமுறை இப்படி எழுதினாள். 'யார் வீட்டு வளைகாப்பு என்றாலும் நான் சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். யாரும் சொல்லாமலே வெங்காயம் உரிப்பேன். கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, பாருங்கள்.'

அதன் கீழே முதல் பின்னூட்டம் விழுந்தது. மொட்டைமாடி என்ற பெயரில்.

'நானும்.'

அவ்வளவுதான். அன்று முழுக்க அந்த ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு அதன் கீழே வேறு பெயர்கள் வந்தன, அதே சொல்லோடு.

கரு தங்கியதும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். எந்த முகத்தோடு அவர்களிடம் சொல்வது? மொட்டைமாடிதான் தானாக எழுதிக் கேட்டாள். 'என்ன, சத்தத்தையே காணோம்? வாய்க்குப் புளிப்பா ஏதாச்சும் கேக்குதா?'

இவள் உடைந்து அழுதது அன்றுதான்.

இப்போது கடைசி வரிசையில் மொட்டைமாடியின் நாற்காலி காலியாக இருந்தது.

எங்கே போயிருப்பாள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

'என் கை ராசியில்லாத கை' என்று மொட்டைமாடி எப்போதோ எழுதியிருந்தாள். அது இந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. இவளுக்கும் பயம்தான். இரண்டு முறை இழந்தவளுக்கு எதைக் கண்டாலும் பயம். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

விரல்களை இன்னும் இறுக்கினாள்.

"அண்ணி, சமையல்கட்டுல பச்சைப் புடவை கட்டினவங்க ஒருத்தங்க இருப்பாங்க. முதல் வளையலை அவங்க போடட்டும்."

மங்கை குரலைத் தாழ்த்தினாள். "அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

இவள் கையைத் திறக்கவில்லை.

மங்கை அந்த மூடிய கையைப் பார்த்தாள். பிறகு வளையலைத் தட்டில் வைத்தாள். வேறு யாரையும் அனுப்பாமல் தானே சமையல்கட்டுப் பக்கம் நடந்தாள்.

பச்சைப் புடவைக்காரி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. தட்டிலிருந்து வளையலை எடுத்தாள்.

"வெங்காயம்," என்றாள், எல்லோருக்கும் பொதுவாக.

இவள் கையைத் திறந்தாள்.