சத்தமில்லாத லேப்டாப்

ஒரு பெண் சர்வீஸுக்குக் கொண்டுவந்த லேப்டாப்புக்குக் கேட்காமலே ஒரு நன்மை செய்து அனுப்பியிருந்த மெக்கானிக், மறுநாளே அந்தப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு வந்ததும் திடுக்கிட்டார்.

“என்னம்மா, மறுபடி மக்கர் பண்ணுதா?”

“ஃபேன் சத்தமே வரலீங்க.”

“பெரிய கிராபிக்ஸ் கார்டை நிறுத்திட்டு, கூடவே இருக்கிற சின்னதுல ஓடவிட்டிருக்கேன். சூடும் இல்ல, சத்தமும் இல்ல. நல்லதுதானே?”

“பழையபடி பெரிய கார்டுலயே ஓடவிடுங்க.”

“காது கிழியுமேம்மா! வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?”

அவள் தலை குனிந்தாள்.

“அவர் ஆக்சிடென்ட்ல போயி பத்து நாளாச்சுங்க. படுத்த படுக்கையா இருக்கிற மாமியார்கிட்ட இன்னும் சொல்லல. பக்கத்து ரூம்ல இந்தச் சத்தம் கேட்டா, மகன் வேலையா இருக்கான்னு பேசாம இருப்பாங்க. இன்னிக்குக் காலையில, ‘எங்கிட்ட சொல்லிக்காமலே எங்கே கிளம்பிட்டான்?’னு கேக்கறாங்க.”