காட்டிக் கொடுத்தவள்

“அதோ, அந்த மோட்டார் ரூம்லதான் இருக்காரு” என்று கோதுமை வயலைக் காட்டினாள் ஸ்வர்ண் கௌர்.

குஜராத்திலிருந்து வாரண்டோடு வந்த இரண்டு போலீஸ்காரர்களும் உள்ளூர் ஏட்டும் வரப்பில் இறங்கினார்கள். நேற்றெல்லாம் தேடியும் ஆள் கிடைக்காமல் ரயிலேறக் கிளம்பியவர்களை இவளே போய்க் கூட்டி வந்திருந்தாள்.

லாரி டிரைவர் நச்சத்தர் சிங்கைப் பிடித்து வந்தார்கள். என்றோ குஜராத்தில் ஒரு ஸ்கூட்டரை இடித்த வழக்கு. சம்மன் பழைய முதலாளி வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. இவன் ஆஜராகவில்லை.

“கட்டின புருஷனைக் காட்டிக் கொடுத்தவ கையால இனி ஒரு ரொட்டி தின்ன மாட்டேன்!” என்று மாமியார் கத்தினாள்.

பக்கத்து மொட்டை மாடியிலிருந்து ஒரு குரல்: “அவ்வளவு கோபம்னா பூரிக்கட்டையால ரெண்டு போட்டிருக்கலாமேடி ஸ்வர்ணி! போலீஸ் எதுக்கு?”

நச்சத்தர் மனைவியை முறைத்தான். “அவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போய் உள்ளே தள்ளுவாங்க. இப்ப மனசு குளிர்ந்துச்சா?”

அவள் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதலில் உள்ளூர் கோர்ட்டுக்குத்தான் கொண்டு போனார்கள். மாஜிஸ்திரேட் அம்மா வாரண்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“வெளியூர் கோர்ட் வாரண்ட். ஆனா ஜாமீன்ல விடக்கூடிய குற்றம்தான். உள்ளூர்க்காரங்க ரெண்டு பேர் ஜாமீன் நின்னா, இங்கேயே விட்டுடறேன். கேஸ் தேதிக்கு நீயே அங்கே போய் ஆஜராகணும். சரியா?”

“சரிம்மா, சரிம்மா!” நச்சத்தர் கைகூப்பினான்.

“ஐயோ, இப்ப ரெண்டு பேருக்கு நான் எங்கே போவேன்?” என்று தாய் அழ ஆரம்பிப்பதற்குள், பின் பெஞ்சிலிருந்து ஊர்த் தலைவர் பந்தா சிங்கும் பால்பண்ணைக்காரர் பிக்கரும் எழுந்தார்கள். கையில் நிலப் பத்திரம்.

வேலை முடிந்தது. குஜராத் போலீஸ்காரர்கள் காகிதங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். நச்சத்தர் வெளியே வந்து குழாயில் முகம் கழுவினான். தாய் அவன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஸ்வர்ண் கௌர் தள்ளியே நின்றாள்.

“இவ இருக்கிற வீட்டுக்கு நான் வர மாட்டேன் சித்தப்பா” என்றான் நச்சத்தர்.

பந்தா சிங் சிரித்தார். “முட்டாப்பயலே! நாளைக்கு நீ எங்கே லோடு ஏத்திட்டுப் போறே?”

“குஜராத்துக்கு.”

“அங்கே போய் மாட்டினா உனக்கு ஜாமீன் நிக்க எந்த நாய்டா வரும்? முன்னாடியே சொன்னா நீ ஓடிடுவேன்னு, விடிஞ்சதும் எங்களை கோர்ட் பெஞ்சுல கொண்டு வந்து உட்கார வச்சுட்டுத்தான், அவ போலீசைக் கூப்பிடவே போனா!”