வீணாப் போன ஓட்டு

"முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து" என்றார் சகாயராஜ். பெண் பார்க்க வந்த சைமன் திருதிருவென்று விழித்தான். மகள் பெர்சிஸ் எழுந்து போய்ச் சாத்தினாள். பட்டாளத்துக்குப் பயந்து பிபிசி கேட்கிற ரங்கூன் லான்மடாவ் வீடுகளில் அதுதானே வழக்கம்!

2000 நவம்பர். அமெரிக்காவில் ஜனாதிபதி யாரென்று தெரியாமல் புளோரிடாவில் இன்னும் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஓட்டு எண்ணிக்கை என்றாலே சகாயராஜுக்கு ஆகாது. தொண்ணூறில் நம்ம தேர்தல் முடிவு வந்த அன்று தெருவே ஆட, அவர் மட்டும் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தவர்.

சைமன் இதே ஊர் இன்சீனில் பிறந்து, புளோரிடாவில் குடியேறி, அந்த நாட்டுப் பிரஜையும் ஆகிவிட்டவன்.

"நீங்க யாருக்குப் போட்டீங்க தம்பி?"

"ரெண்டு பெரிய கட்சியும் பிடிக்கலை மாமா. மூணாவதா நின்னவருக்குப் போட்டேன்."

"அவர் ஜெயிப்பாரா?"

"மாட்டார். தெரிஞ்சேதான் போட்டேன்."

சகாயராஜ் மோஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். சில நூறு ஓட்டுல நாடே தொங்குது, இவர் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்திருக்கார். ஒரு ஓட்டைக் காப்பாத்தத் தெரியாதவர் என் பொண்ணையா காப்பாத்தப் போறார்?"

பெர்சிஸ் ரேடியோ சத்தத்தைக் குறைத்தாள். இதுவரை வந்தவர்களையெல்லாம் ஒவ்வொரு நொட்டை சொல்லி அப்பா கழித்தாயிற்று. போனவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. இவனை விட மனசில்லை.

"உலகத்துல யாருமே ஓட்டை வீணாக்கலையாப்பா?"

"இவர் ஓட்டைவிட வீணாப் போன ஓட்டு இந்தத் தெருவுல ஒண்ணே ஒண்ணு காட்டு. வர்ற ஞாயிறே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன்."

வசமாக வந்து மாட்டினார் மனுஷன். பெர்சிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெருவுல எதுக்குப்பா தேடணும்? இந்த வீட்டுலயே இருக்கு. தொண்ணூறுல எல்லாரும் சேர்ந்து ஜெயிக்க வச்சோம். பட்டாளத்துக் கட்சி மண்ணைக் கவ்வுச்சு. பத்து வருஷமாச்சு, இன்னிக்கும் ஆளுறது பட்டாளம்தானே? சைமன் தோக்குறவருக்குப் போட்டார், ஓட்டு வீணாச்சு. நீங்க ஜெயிச்சவங்களுக்கே போட்டு வீணாக்கினீங்க. எது பெரிசு?"

சைமன் சிரிப்பை அடக்க டீயைக் குடித்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் புடவை என்றுகூட பெர்சிஸ் யோசித்துவிட்டாள்.

சகாயராஜ் கோபப்படவில்லை. எழுந்து போய் ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ரேடியோவையும் அணைத்துவிட்டு, மகளிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"என் ஓட்டு வீணாப் போகலைம்மா. நான் பட்டாளத்துக் கட்சிக்குத்தான் போட்டேன்."