ஈரப் பஞ்சு

மோசஸின் மூச்சு நின்றதும் ஆல்வின் செய்த முதல் காரியம், எழுந்து போய் ஃபேனை நிறுத்தியதுதான். பிறகு அண்ணனின் இமைகளை மெல்ல மூடி, தண்ணீரில் நனைத்த பஞ்சை இரண்டின் மேலும் வைத்தான். தலைக்குக் கீழே இன்னொரு தலையணையைச் செருகினான்.

“கூடப் பொறந்தவன்னா இப்டி இருக்கணும்” என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

மாமல்லபுரத்தில் அந்தத் தெருவுக்கே ஒரு மாதமாக இதுதான் பேச்சு. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, கிட்னி போய்ப் படுத்துக் கிடந்த அண்ணனைத் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டுப் போனான். இத்தனைக்கும், வேற்று மதத்துப் பெண்ணான வேண்டாவை மோசஸ் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த வாசற்படியை மிதிக்காதவன் அவன். ஒருமுறை வேண்டாவே அவனைத் தேடிச் செங்கல்பட்டுக்குப் போய் நின்றாள். என்ன விஷயம் என்றுகூடக் கேட்காமல் கதவை அறைந்து சாத்தினான்.

அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பாசம் திடீரென்று எங்கிருந்து வந்தது? எல்லாம் கண்ணால் வந்ததுதான்.

ஆல்வின் பஸ் டிரைவர். கருவிழி கூம்பிப் போய், எதிரே வரும் ஒரு லாரி மூன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இறந்துபோன யாருடைய கருவிழியையாவது எடுத்து வைத்தால்தான் இனி வண்டி ஓட்ட முடியும் என்றார் டாக்டர். காத்திருப்போர் வரிசையோ நீளமாக இருந்தது.

“சொந்தத்துலயே யார்னா குடுத்தா சீக்கிரம் கெடைக்குமா சிஸ்டர்?” என்று கேட்டான். வேலை மும்முரத்தில் நர்ஸ் “பார்க்கலாம்” என்றார். அதையே வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்கு வந்தவன்தான். தன் கண் விஷயத்தைப் பற்றி மட்டும் அங்கே மூச்சு விடவில்லை.

மோசஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “கிட்ட வாடா, ஒன் மூஞ்சிய நல்லா பாத்துக்குறேன்” என்று பார்த்துக்கொண்டே கிடந்தான். சிறுவயதில் இருவரும் கண்ணைக் கசக்கிக் கசக்கி அம்மாவிடம் ஒன்றாக அடி வாங்கியதைச் சொல்லிச் சிரித்தான்.

ஆல்வினும் அண்ணனின் கண்ணையேதான் பார்த்தான். காலையும் மாலையும் வேண்டா அந்தக் கண்களில் சொட்டு மருந்து விடுவதைப் பார்க்க அவனுக்குத் திருப்தியாக இருந்தது. பொருளைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது, கண் காய்ந்துபோகாமல் இருக்க ஃபேனை நிறுத்திப் பஞ்சு வைத்த கையோடு கண் வங்கிக்குப் போன் போட்டு வழி சொல்லிவிட்டு, அழுதுகொண்டிருந்த வேண்டாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணி” என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவன் வாயில் வந்தது. “அண்ணன் கண்ணு வீணா மண்ணுக்குள்ள போவக் கூடாது. தானம் குடுத்துருவோம். அவங்க வந்துகினு கீறாங்க, நீங்க சரின்னா போதும்.”

வேண்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “இதுக்குத்தான் தெனம் வந்துகினு இருந்தியா?”

“எனக்குக் கருவிழி கூம்பிப் போச்சு அண்ணி. வேலயே பூட்ச்சு. அண்ணனோடத எனக்கு வெச்சா...” அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

வேண்டா எழுந்தாள். புருஷனின் கண் மேலிருந்த பஞ்சை எடுத்துக் கீழே போட்டாள். போய் ஃபேனைச் சுழலவிட்டாள்.

“அன்னிக்கு ஒன் வூட்டு வாசல்ல வந்து நின்னேனே, ஞாபகம் கீதா? அவருக்கும் இதே வியாதிதான். பார்வ சுத்தமா போயி, ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு ஆள் இல்லாமத்தான் ஒன்னத் தேடி வந்தேன்.”

ஆல்வின் குனிந்து, கீழே கிடந்த பஞ்சைப் பொறுக்கினான்.

“யாரோ புண்ணியவான் செத்து, அவரோடத எடுத்து இவருக்கு ரெண்டு கண்ணுலயும் வெச்சாங்க. ஒரு தபா வெச்சத மறுபடி யாரும் எடுக்க மாட்டாங்க” என்றாள் வேண்டா.

“அது ஒங்கண்ணன் கண்ணே இல்ல.”