பெரிய ட்ரிப்பர்

“ரெண்டு ஏசியும் சேர்ந்து ஓடினா ட்ரிப்பர் விழுந்து கரண்ட் நின்னுடுது. அதைவிடப் பெருசா ஒண்ணு மாட்டிவிடுங்க, அவ்வளவுதான்,” என்றாள் வீட்டுக்காரி.

“மாட்டமாட்டேன்மா,” என்றார் எலக்ட்ரிக் கடையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன். “உள்ள இருக்கற ஒயர் அவ்வளவு லோடு தாங்காது. ஒரு நேரத்துக்கு ஒரு ஏசி போடுங்க.”

“அடுத்த தெருவுல என் நாத்தனார் வீட்டுலயும் இதே ஒயர்தான். அங்க ஒருத்தர் மறுபேச்சுப் பேசாம மாட்டிக் குடுத்தார். ஒரு வருஷமா ரெண்டும் ஜம்முனு ஓடுது.”

“யார் மாட்டினாலும் தப்பு தப்புதான்மா,” என்றார், குரலை உயர்த்தாமல்.

“உங்களுக்கு வேலை தெரியலேன்னு சொல்லுங்க. அந்த ஆள் நம்பர் என்கிட்ட இருக்கு. அவரையே கூப்பிட்டுக்கறேன்.”

“கூப்பிடுங்க.”

விடுவிடுவென்று நம்பரைத் தட்டினாள். எலக்ட்ரீஷியனின் சட்டைப்பையில் போன் அடித்தது.

அவர் அதை எடுக்கவில்லை. கருவிப் பையிலிருந்து கருகிப்போன ஒயர்த் துண்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“அந்த ஆள் நான்தான்மா. இன்னைக்குக் காலையில உங்க நாத்தனார் வீட்டுச் செவுத்துலேருந்து உருவினது இது. நல்லவேளை, புகையோட போச்சு.”

அவள் இரண்டு ரிமோட்டில் ஒன்றை எடுத்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.