தண்ணீர்ப் பயிற்சி

பயிற்சியின் இருபத்து மூன்றாம் நாளும் நீலாம்பரி வாய் திறக்கவில்லை. நாலு வயதாகியும் அந்தக் குழந்தை யார் கண்ணையும் பார்த்ததில்லை, எதையும் வார்த்தையால் கேட்டதுமில்லை. பயிற்சிக்காக வீட்டில் பொருத்திய பேசும் குழாய்க்கு இரண்டும் வேண்டும். அம்மாவின் கண்ணைப் பார்த்து "தண்ணி" என்றால்தான் அது திறக்கும். இல்லாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான்.

முதல் வாரத்தில் அம்மா மாதங்கி மனசு கேட்காமல் இரண்டு முறை தானே திறந்துவிட்டாள். "நீங்க இளகுறதாலதான் பாப்பா பேச மாட்டேங்குது" என்றார் பயிற்சியாளர். அன்றைக்கே, வீட்டுக் குழாய்களும் வாசல் கதவும் ஆறு மணிவரை தன் கைக்கும் திறக்கக் கூடாது என்று அவள் எழுதிக் கொடுத்தாள்.

இன்று குழந்தைக்குக் காய்ச்சல். மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

"கண்ணு, ஒரே ஒரு தடவ. அம்மாவப் பாத்து தண்ணின்னு சொல்லு சாமி."

நீலாம்பரி வழக்கம்போல அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, குழாய்க்கு அடியில் வைத்தாள். அவளுக்குக் கேட்கத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"வார்த்தை வரவில்லை" என்றது குழாய்.

"காய்ச்சல் கொதிக்குதுங்க! நாந்தான் புத்திகெட்டு எழுதிக் குடுத்துட்டேன், தொறந்துடுங்க!" மாதங்கி இன்னொரு கையால் குழாயைக் குத்தினாள்.

"அம்மாவுக்கு அனுமதி இல்லை."

அவள் உடைந்து அழுதாள். ஒரு சொட்டுக் கண்ணீர் குழாய்க்கு அடியிலிருந்த அவள் உள்ளங்கையில் விழுந்தது. நீலாம்பரி குனிந்து அதை நக்கினாள். பிறகு, அது எங்கிருந்து வந்தது என்று தேடி மெல்ல முகத்தை உயர்த்தி, முதன்முதலாக அம்மாவின் கண்களைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"பார்வை சரி" என்றது குழாய். "வார்த்தை வேண்டும்."